குந்திக் காட்டு

என் வலது முழங்கையில் ஒரு சத்தம் குடியிருக்கிறது. சோற்றுக் கவளம் உதட்டை நெருங்கும் கடைசி விரற்கடையில் 'டொக்' என்னும். பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கோ அது, ஒருவர் வந்து வாசலில் நிற்கிற சத்தம். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, பின்பக்கமாக மடங்கி மணிக்கட்டைத் தொடுகிற கட்டைவிரல்கள். எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அவர் இன்னும் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எட்டி எடும் பிள்ளை. எட்டாட்டிப் பட்டினி கிடவும்."

மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு மிஸ்ஸிதான். ஆனால் இவர் ஊசி போடுகிறவர் அல்ல. முறிந்து, கட்டுப் போட்டு, கட்டு வெட்டிய பிறகும் மடங்காமல் அடம்பிடிக்கும் மூட்டுகளை மடங்க வைப்பது இவர் வேலை. கண்டியைச் சுற்றிய மலைகளில் ஓர் ஆஸ்பத்திரி; பெயர் வேண்டாம். தாழ்வாரத்தின் கடைசியில், பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவிப் பயிற்சி அறையாக்கியிருந்தார்கள். இரண்டு கட்டில், பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பி, கூரையில் ஒரு கப்பி, ஓர் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் அவர். தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்துக்குப் பிறகு பஸ்ஸில் பொட்டோடு வருவதில்லை. அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியிலிருந்து எடுத்து நெற்றியில் வைப்பார். போகும்போது திரும்ப ஒட்டிவிட்டுப் போவார். நெற்றியைவிடக் கண்ணாடியில்தான் அந்தப் பொட்டு அதிக நேரம் வாழ்ந்தது.

ஒருவரின் பெயரையும் அவர் மனத்தில் வைத்துக்கொண்டதில்லை. "இடது தோள் வந்திட்டுதோ?" என்பார். "வலது இடுப்பு, கதிரையை விட்டு எழும்பும்." நான் வலது முழங்கை.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். கலவரத்தன்று கடைக்குக் கீழே தீ வைத்தார்கள். படிக்கட்டு முழுக்கப் புகை. பின்பக்க ஜன்னலால் ஒழுங்கைச் சந்தில் குதித்தேன், கையை ஊன்றி. "விழுகிற எல்லாரும் கையைத்தான் ஊண்டுவினம்," என்றார் மிஸ்ஸி, முதல்நாள் என் கையைத் திருப்பிப் பார்த்தபடி. "முகத்தைக் காப்பாத்த உடம்பு முழங்கையைக் காட்டிக் குடுத்துப்போடும்." ஆறுதல் என்று நினைத்து நான் அழத் தயாரானேன். அவர் அதற்குள் கையைக் கீழே போட்டுவிட்டார்.

கட்டு வெட்டியபின் கை ஒரு மூலைமட்டம் போல நின்றது. நீட்டவும் வராது, மடக்கவும் வராது. தோட்டத்தில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நாங்களும் செய்தோம். எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். அவர் நல்லெண்ணெயைச் சுடவைத்து, என் முழங்கையைத் தன் தொடைக்கு நடுவில் வைத்து, இழுத்து, அமுக்கி, நாள்தவறாமல் உருவினார். உருவ உருவக் கை இன்னும் இறுகியது.

மிஸ்ஸி அதைக் கேட்டதும் அம்மாவை நேராகப் பார்த்தார்.

"முழங்கை ரோசக்காரன். வேற ஆள் தொட்டு அமத்தினா, உள்ளுக்குள்ள தசையிலேயே எலும்பு கட்டுவான். காசு குடுத்து மகளின்ர கைக்குள்ள சீமெந்து பூசி வந்திருக்கிறியள்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை அழவைத்ததில் மிஸ்ஸிக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. "அழுது முடிச்சாப் பிறகு வாங்கோ, என்ன செய்யிறதெண்டு சொல்லுறன்."

அவர் சொன்ன வைத்தியம் இது: என் கையை யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. யாரும் ஊட்டக்கூடாது. சாப்பாட்டை என் முகத்துக்கு நேரே, வலது கை எட்டியும் எட்டாத இடத்தில் பிடிக்க வேண்டும். நானே மடக்கி எடுக்க வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால்.

சோறு வாய்க்கு வராத கை என்ன கை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தலை வார முடியாது, காதில் தோடு போட முடியாது, அதெல்லாம் போகட்டும். கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டு பணிஸ், இனிப்பு ரொட்டி. வாசம் வருகிறது. கை வழியில் நின்றுவிடுகிறது, பாலம் உடைந்த இடத்தில் லொறி நிற்பது போல. நான் கழுத்தை நீட்டுவேன். அவர் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். "கழுத்துக்கு வருத்தமில்லை. கை வரட்டும்."

"மிஸ்ஸி, காலையில இருந்து ஒண்ணும் திங்கல புள்ள," என்றாள் அம்மா. "ஒரே ஒரு வாய் ஊட்டிவுட்டா என்னாங்க?"

"ஊட்டுங்கோ. இண்டைக்கு ஊட்டினா நீங்கள் சாகுமட்டும் ஊட்டவேணும். அதுக்குப் பிறகு ஆர் ஊட்டுறது? நானோ?"

மூட்டுகளை அவர் மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். மனிதர்களைப் பற்றிப் பேசுவதேயில்லை. தோள் ஊர்சுற்றி: எல்லாப் பக்கமும் சுற்றுவான், ஆனால் அவன் இருக்கிற குழி ஒரு தட்டம்போல, ஆழமில்லை, ஒரு தள்ளலில் வெளியே வந்துவிடுவான். இடுப்பு காணிக்காரன்: ஆழக் குழியில் இருக்கிறான், இடித்தாலும் இடம் விட்டு வரமாட்டான், வயதானால் இருந்த இடத்திலேயே உடைவான். முழங்கால் கழுதை: முன்னும் பின்னும்தான் போவான், பக்கவாட்டில் திருகினால் உள்ளே கிழிந்துவிடும், நோகடித்தால் ஒழிய மடங்கமாட்டான். கணுக்கால் மட்டும் அவருக்குக் கொஞ்சம் செல்லம். கொழுந்து எடுக்கும் மேட்டில் சறுக்கிய ஒரு பெண்ணின் கணுக்காலை ஒருநாள் மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த விரல்கள் சற்று மெதுவானதைக் கண்டேன்.

"எங்கட தம்பிக்கும் இதே கால்தான். பந்து அடிக்கப் போய் ஒருக்காப் பிசகினது. பிசகின கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகும். ஆறமுந்தி ஓடிருவான், மடையன்."

அந்த அறையில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

திகனயிலிருந்து ஒரு கடை முதலாளி வருவார். சொந்தக் கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட முடியாமல் இறுகிப்போன தோள். அவர் செய்ய வேண்டியது சுவரில் விரல்களைச் சிலந்தி போல ஏற்றிக்கொண்டு போவது. அந்தச் சுவரில் எத்தனையோ பேரின் விரல் அழுக்கு, ஒவ்வொருவர் எட்டிய உயரத்தில் ஒவ்வொரு கறை. முதலாளியின் விரல்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் நிற்கும். மிஸ்ஸி பின்னால் வந்து அக்குளுக்குக் கீழே தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முழங்கையை மேலே தள்ளுவார்.

"ஏலா மிஸ்ஸி! ஏலா! யா அல்லாஹ், மவுத்தாகிருவன்!"

"சாகிறதெண்டாலும் கையைத் தூக்கிக்கொண்டு மவுத்தாகுங்கோ முதலாளி."

"இது கைதான் மிஸ்ஸி, வீட்டுக் கதவில்ல!"

"கதவெண்டா எண்ணெய் போட்டிருப்பன்."

கதிரைகளில் இருந்தவர்கள் சிரிப்போம். அடுத்தது நம் முறை என்று தெரிந்தே சிரிப்போம்.

ஆமிக்காரர்கள், காயப்பட்ட சிங்களச் சிப்பாய்கள், வரத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. வடக்கில் சண்டை பெருகப் பெருக அந்தச் சிறிய அறைக்கும் அவர்கள் வந்தார்கள், அநேகமாக முழங்கால்கள். மிஸ்ஸி அவர்களைக் குப்புறப் படுக்க வைப்பார். குதிகாலைத் தன் தோளில் வைத்து, முழு உடம்பையும் சாய்த்து முன்னால் தள்ளுவார். ஈரத் துணி கிழிகிறது போல உள்ளே ஒரு சத்தம் கேட்கும். அவர்கள் "அம்மே" என்று அலறுவார்கள். அம்மாவைக் கூப்பிட இரண்டு மொழிக்கும் அதிக தூரமில்லை.

"கத்து, நல்லாக் கத்து," என்பார் சிங்களத்தில். எங்களிடம் திரும்பித் தமிழிலும் சொல்வார்: "கத்திறது வாய். மடங்கிறது முழங்கால். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை." பிறகு காதைத் தாழ்த்தி அந்த மூட்டைக் கேட்பார். "சத்தம் போடுற மூட்டு உயிரோட இருக்கு. சத்தமில்லாததுதான் செத்தது."

"பாத்தீங்களா," என்று முதலாளி என் காதில் கிசுகிசுத்தார். "இந்த மனிசி ஆமிக்காரன்ட காலில பழி தீக்குது. ஒருநாளைக்குப் புடிச்சிட்டுப் போய்ருவானுகள்."

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் முடிவில் ஒன்று நடக்கும். ஒவ்வொரு முழங்காலையும் அனுப்பும் நாளில் அவர் அறையின் நடுவில் நிறுத்தி, "குந்திக் காட்டு," என்பார். பிடிக்காமல், சாயாமல், குதிகால் நிலத்தில் பதிய முழுசாகக் குந்த வேண்டும். வயலில் குந்த, அடுப்படியில் குந்த, கக்கூஸில் குந்த. "குந்த ஏலாதவன் இந்த நாட்டில வாழ ஏலாது," என்பார். ஓர் ஆமிக்காரன் குந்தி, எழும்பி, திரும்பக் குந்தி, குழந்தை மாதிரிக் கைகொட்டினான். நாங்களும் கொட்டினோம். அவன் அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வடக்குக்குத் திரும்பிப் போனான். அப்படிப் பலர் போனார்கள். அவர் மடக்கிய முழங்கால்கள் எல்லாம் வண்டியேறி வடக்கே போயின.

பிறகு வந்தவன் குண்டசாலைப் பக்கத்து ஆமிப் பையன். இடது முழங்கால். வாகனம் கவிழ்ந்து முழங்கால் சில்லு உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கால் கம்பாக நின்றது. கல்யாணம் பேசியிருக்கிறார்கள், கட்டிலில் ஏறி இறங்கத் தெரிய வேண்டுமே என்று சிரிப்பான். என்னை நங்கி என்பான், தங்கை என்று. மிஸ்ஸியின் ஒழுங்கு என்னவென்றால், நோயாளிக்கு நோயாளிதான் உதவி, ஆள் பார்ப்பதில்லை. என் முன்னால் பணிஸைப் பிடிக்கிற வேலை அவனுக்கு. நான் எட்ட முடியாமல் கண் கலங்கினால் அவன் மெதுவாகத் துண்டை என் பக்கம் நகர்த்துவான். மிஸ்ஸி எங்கிருந்தோ வந்து அவன் புறங்கையில் படாரென்று அடிப்பார். "உன் இரக்கத்தை மடிச்சுச் சட்டைப்பைக்குள்ளே வை. அவளின் கையை அது முடமாக்கும்."

அடித்த அதே கையால் அவனுடைய காலைத் தள்ளுவார். அவன் துவாயைக் கடித்துக்கொண்டு அலறுவான். கம்பாக இருந்த கால், கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரையில் உட்காரும் அளவை நெருங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்," என்று அவனுக்கு விரலை மடக்கிக் காட்டினார். "பிறகு குந்திக் காட்டுவாய்."

ஒருநாள் காலையில் தாழ்வாரத்து வாங்குப் பலகையில் நான் இருந்தேன். ஓர் ஆள் வந்தார்; அழுக்கு வேட்டி, சவரம் செய்யாத முகம், யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்த சோர்வு. மிஸ்ஸி வெளியே வந்தார். வந்தவர் அழைத்த விதத்தில் மிஸ்ஸியின் ஊர்க்காரர் என்று தெரிந்தது.

"அக்கா... தம்பி இல்லை."

மிஸ்ஸி திரும்பி அறைக் கதவைச் சாத்தினார்.

"ஆமி வந்தது. பெடியள் எல்லாம் வயலுக்குள்ளால ஓடிட்டாங்கள். இவனுக்கு ஓட ஏலாமப் போச்சு. முதல்நாள்தான் கணுக்கால் பிசகிக் கிடந்தவன்."

"இடதோ?"

"ஓம் அக்கா."

"எங்க வச்சு?"

"வீட்டு முத்தத்தில. சுட்டுப்போட்டு, கிணத்தடியில வரிசையாக் குந்தியிருந்து சிகரெட் பிடிச்சவங்கள். வேலிக்குள்ளால கண்டனாங்கள்."

மிஸ்ஸி தன் கட்டைவிரல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் மடக்கினார். மணிக்கட்டு வரை.

"நல்லாக் குந்தினவையோ?" என்று கேட்டார்.

வந்தவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, அழத் தொடங்கினார். எனக்கு விளங்கியது. தான் மடக்கி வடக்கே அனுப்பிய முழங்கால்களைத்தான் அவர் கேட்டார்.

உள்ளே போனார், நானும் பின்னால் போனேன். கை கழுவினார், நகத்திடுக்கு வரை. குண்டசாலைப் பையன் குப்புறப் படுத்துத் துவாயைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தான். முதலாளி சுவரில் விரலை நிறுத்தினார். இன்றைக்கு இந்தக் கால் உடையும் என்று நான் நினைத்தேன்.

மிஸ்ஸி குதிகாலைத் தோளில் வைத்தார். சற்றே சாய்ந்தார். "அம்மே," என்றான் அவன், வழக்கமாகத் தொடங்குகிற முதல் முனகல். அவர் நிறுத்திவிட்டார்.

"வலிக்கிறதா மகன்?"

அந்த அறையில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவன் துவாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"போதும். எழும்பு. மெதுவாக."

அன்றிலிருந்து அந்தக் கை பஞ்சானது. குதிகாலைத் தொடுவார், ஒரு முனகல் வந்ததும் விட்டுவிடுவார். வெந்நீர்ப் பை வைப்பார், தடவுவார், சிங்களத்தில் மகன் மகன் என்பார். சாய்ந்து தள்ளுவதில்லை. காதைத் தாழ்த்தி மூட்டைக் கேட்பதில்லை. அவன் பூரித்துப் போனான். வீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டர், "இப்போதுதான் நோயாளியை மனிதனாக நடத்துகிறீர்கள்," என்று பாராட்டினார். மிஸ்ஸி தலையைக் குனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

எங்களுக்கு எதுவும் மாறவில்லை. என் கொண்டை இழுபட்டது. முதலாளியின் தோள் கிறீச்சிட்டது.

"ஆமிக்காரனுக்குப் பஞ்சு, எனக்கு உலக்கையா மிஸ்ஸி? ஞாயம் செல்லுங்க!"

"உங்கட தோள் எனக்கு வேணும் முதலாளி," என்றார் மிஸ்ஸி, தள்ளுவதை நிறுத்தாமலே.

முதலாளி தானாகவே விரலைச் சுவரில் இன்னும் மேலே ஏற்றினார். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் கூப்பாடு போட்டு நான் கேட்கவில்லை.

நான் என் அடுப்படிச் சிங்களத்தில் பையனை அண்ணா என்று கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அய்யே, கத்தினாலும் நிறுத்த வேண்டாம் என்று மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். நோகாமல் அது மடங்காது. இறுகிவிடும்."

அவன் பழத்தை உரித்தபடி சிரித்தான். "உனக்குப் பொறாமை நங்கி. உன் ஆட்களுக்கு நோகடிக்கிறார், எனக்கு நோகடிக்கவில்லை."

கதிரை அளவை நெருங்கிக்கொண்டிருந்த கால் மேலே மடங்காமல் நின்றது. பிறகு பின்வாங்கியது. மழையில் நனைந்த கதவுப் பலகைபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறுகியது. அடிபட்ட அடி அப்படி, இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். போகிற நாளில் அவன் அறையின் நடுவில் ஊன்றுகோலோடு நின்று, வேடிக்கையாகக் கேட்டான்.

"குந்திக் காட்டவா மிஸ்ஸி?"

"வேண்டாம் மகன்," என்றார் அவர். அவன் கன்னத்தைத் தடவினார். "நீ குந்தவே தேவையில்லை."

அந்த வாரத்தில்தான் என் முழங்கையில் முதல் தடவையாக 'டொக்' என்றது. பணிஸ் துண்டு உதட்டில் முட்டியது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வாயில் இருந்ததை மெல்லாமல். மிஸ்ஸி இரண்டு கால் வைத்த தன் தகரக் கோணமானியை முழங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ம். இனி அம்மாவைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லும்."

அடுத்தமுறை கையைக் காட்டப் போனபோது அவர் இல்லை. யாழ்ப்பாணம் போனதாக ஒருவர், வெளிநாடு என்று இன்னொருவர். கண்ணாடியில் பொட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் பசை மட்டும்.

பல வருடங்களின் பின், திகன போகிற பஸ்ஸில் ஏறினேன். இருக்கைகளுக்கு நடுவே, நடைவழியில் ஒரு கால் நீட்டிக் கிடந்தது. ஏறுகிறவர்கள் தடுக்கினார்கள், ஏசினார்கள். "காலை எடு ஐயா, இது உன் வீட்டு வாசலா?" என்றான் கொண்டக்டர். காலுக்குரியவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிச் சற்று நகர்த்தி வைத்தார், விறகை நகர்த்துவது போல. முடி நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

"நங்கி! கை எட்டுகிறதா?"

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பேசியிருந்த கல்யாணம் நடக்கவில்லை என்றார். வயலைத் தம்பி செய்கிறான், குந்தாமல் வயலில் என்ன வேலை. பன்சலையில், புத்தர் கோவிலில், எல்லோரும் கீழே இருக்க இவர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பாராம். தன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்து காலைச் சரியாக்கிக்கொண்டு திரும்பிப் போனவர்களில் அநேகம் பேர் மூடிய பெட்டியில் வந்தார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது காலைத் தட்டிக் கொடுத்தார். மிஸ்ஸி அதையும் நினைத்துத்தான் செய்தாரா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவர் கழுவிய கைகள் நினைவுக்கு வந்தன. தோன்றியது போய்விட்டது.

"அந்த மிஸ்ஸி தெய்வம்," என்றார். "ஒருநாளும்... ஆரம்பத்தில் கொஞ்சம், பிறகு ஒருநாளும் என்னை நோகடிக்கவில்லை. உங்கள் ஆட்கள் எல்லோரும் அவரைப் போல இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திராது."

பஸ் வளைவில் திரும்பியது. அவர் மடியிலிருந்த கடலைப் பொட்டலம் விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டது. அவர் கிணற்றுக்குள் விழுந்ததைப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தார். குனிய எத்தனித்தார். கால் கட்டையாகக் குறுக்கே நின்றது.

நான் எழுந்து, ஓடுகிற பஸ்ஸின் நடுவில், பிடிக்காமல், சாயாமல், குதிகால் பதிய முழுசாகக் குந்தினேன். பொட்டலத்தை எடுத்தேன். கண்ணுக்கு நேரே அந்த முழங்கால் இருந்தது. அனுமதி கேட்காமல் வலது கையை அதன்மேல் வைத்து, காதைத் தாழ்த்தி, மெதுவாக அசைத்துப் பார்த்தேன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.